ஓட்டை விழுந்த கொய்யா

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில், பழைய பேப்பர் கடையில் எடுத்துச் சட்டம் போட்ட ஒரு படம். அச்சடித்த கோடுகளுக்குள் யாரோ அந்தக் காலத்தில் கையால் வண்ணம் தீட்டிய கொய்யாக் கிளை. இலை, பூ, வெட்டி வைத்த பாதிப் பழம். பழத்தின் சிவப்பு இன்னும் வெளுக்கவில்லை. அந்தச் சிவப்பின் நடுவில் ஓர் ஓட்டை.

“புதுசா பழக்கடை தொறக்கசொல்லோ பூச்சி அரிச்ச பழத்தையா மே மாட்டுவாங்க?” என்றான் அவன்.

“இவ்ளோ பேப்பர் கீது. அத்தையெல்லாம் வுட்டுட்டு பழத்த மட்டும் துன்னுகீது பாருய்யா. பூச்சியே பழம்னு நம்பிடிச்சு.”

“கிவி, ஸ்ட்ராபெரி போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சா பளிச்னு இருக்கும்.”

“நாம கிவியா விக்கிறோம்?”

அவன் படத்தைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

“சரி, இத்த பாத்துட்டு செகப்பு கொய்யா குடுன்னு எவனாவது கேட்டா? இப்ப வரத்தே இல்ல.”

“நாளிக்கு வான்னு சொல்லு.”

“நாளிக்கா?”

“எத்தினி வருசமா பழ வண்டி தள்றோம். இங்க நிக்காத, அங்க நிக்காதன்னு வெரட்டிகினே இருந்தாங்க. யாருக்குனா நாளிக்கு வான்னு சொல்லிகீறோமா? இனிமே சொல்லலாம்யா.”

அவன் படத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“நாளிக்கு வாங்க சார்,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.