‘கழுத்தில் சாவி’யை நான் முழுவதும் கேட்ட கதை

இந்த ஞாயிறு மாலைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் சச்சிதானந்தன் அண்ணை அவர்களே! வேலை உடுப்பை மாற்றவும் நேரமின்றி நேரே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பிப் பிள்ளைகளுக்குப் பின்னால் படுக்கும் தாய்மார்களே! ரெனான் ஊரிலிருந்து இரயில் மாறி மாறி வந்து சேர்ந்த உறவுகளே! கோபத்தோடு வந்திருப்பவர்களே! ஓம், உங்களையும் நான் மறக்கவில்லை. திரைக்குப் பின்னால் தந்திகளை முறுக்கிக்கொண்டு நிற்கும் ‘ஈரச் சப்பாத்து’ இசைக்குழுவின் மூன்று பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் செல்வராணி கனகரத்தினத்தின் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்தச் சுவிஸ் நாட்டின் மேடைகளில் பேசி வருகிறேன். பொங்கல் விழாவா, பேசியிருக்கிறேன். பரிசளிப்பு விழாவா, பேசியிருக்கிறேன். தாய்மை என்ற தலைப்பிலே மட்டும் பத்தொன்பது தடவை பேசியிருக்கிறேன். ஆனால் என் வீட்டு விடயத்தை ஒரு மேடையிலும் பேசியதில்லை. இன்று பேசப்போகிறேன். பொறுத்தருளுங்கள்.

இந்த இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர் மேர்சி. மேளம் அடிப்பவர் சாயிசன். பாட்டெழுதிப் பாடுகிறவள் சரணியா. அவள் என் மகள். மூவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். பயிற்சி எடுப்பது எம்மன்புரூக்கேயிலே ஒரு மாடிவீட்டுக்கு அடியில், போர் வந்தால் ஒளிப்பதற்கென்று சுவிஸ்காரர் கட்டி வைத்த கொங்கிறீட் நிலவறையில். நாங்கள் பதுங்குகுழியை விட்டு ஓடி வந்தோம். எங்கள் பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் இறங்கிப் பாடுகிறார்கள். சிரிக்கிறீர்கள். நானும் அப்போது சிரித்தவள்தான்.

முதல் இசைத்தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. ஏன்? ஒருவருக்கும் விளங்கவில்லை! இரண்டாவது தொகுப்பு சென்ற ஆண்டு, இரண்டாயிரத்துப் பதினெட்டு வைகாசியில் வந்தது. பெயர் ‘கழுத்தில் சாவி’. ஒன்பது பாட்டு. இந்த முறை தமிழ். வந்தது வினை.

கழுத்திலே சாவி என்றால் என்ன? இங்கே பள்ளிக்கூடம் மத்தியானம் பூட்டப்படும். பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகவேண்டும். வீட்டிலே ஆள் இருந்தால் சரி. ஆள் இல்லாவிட்டால்? ஒரு நாடாவிலே சாவியைக் கோத்துப் பிள்ளையின் கழுத்தில் போட்டு அனுப்புவோம். போட்டு அனுப்பாதவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். அந்த இருவருக்கும் என் மரியாதை. மற்ற எல்லோரும் என் கூட்டம்.

அந்தத் தொகுப்பிலிருந்து அரை நிமிடத்தை யாரோ வெட்டி வட்ஸ்அப்பிலே விட்டார்கள். வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுவதற்குள் என் கைத்தொலைபேசிக்குப் பதினேழு பேர் அனுப்பியிருந்தார்கள். என் மகளின் குரல் பாடியது:

மேடையில் என் அம்மாவுக்கு
ஆயிரம் பிள்ளைகள்.
வீட்டில் என் சாவிக்கு
நான் ஒருத்தி.

அவைக்கு இப்போது விளங்குகிறதா, நான் ஏன் பொறுத்தருளச் சொன்னேன் என்று?

அதன்பின் வந்த கருத்துகளைக் கேளுங்கள். “இது பாட்டோ, இரைச்சலோ?” என்றார் ஒருவர். “பாட்டுக்குப் பின்னாலை ஏதோ மெஷின் ஓடுது, பதிவு செய்யத் தெரியேல்லை” என்றார் இன்னொருவர். “கக்கூஸ் கழுவிப் படிப்பிச்சம், அதுக்குப் பிள்ளையள் தாற பரிசைப் பாருங்கோ” என்று எழுதினார் ஒரு தாய். வானொலியிலே ஒரு மணித்தியாலம் நேயர்கள் கதைத்தார்கள். என் மகளைத் திட்டினார்கள். என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். திட்டையாவது தாங்கலாம். இரக்கத்தை எப்படித் தாங்குவது?

இளையவர்கள் வேறு விதமாக எழுதினார்கள். வில் நகரிலிருந்து, ரெனானிலிருந்து, எங்கெங்கோ இருந்து நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். “எனக்கும்.” “எனக்கும்.” “என்ர நாடா நீலம்.” “என்ர சாவியைப் பனிக்குள்ளை துலைச்சிட்டு மூண்டு மணித்தியாலம் படியிலை இருந்தனான்.” அவற்றை நான் வாசித்தேனா? வாசிக்கவில்லை. எனக்கு வலித்தது என் பெயர் மட்டும்தான்.

அந்த ஆண்டுக் கலைவிழாவுக்கு இந்த இசைக்குழுவை முன்பே அழைத்திருந்தார்கள். விழாக் குழுவிலே நானும் இருந்தேன். நிகழ்ச்சிநிரலிலிருந்து ‘ஈரச் சப்பாத்து’ என்ற பெயரை வெட்டியது யார் என்று பலருக்கும் தெரியாது. பேனா பிடித்த கை இது. பார்த்துக்கொள்ளுங்கள். பெற்ற பிள்ளையின் பெயருக்கு மேலே நேராகக் கோடு கிழித்த கை.

மகள் ஒரு தடவை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் எடுக்கவில்லை. பிறகு அவளும் எடுக்கவில்லை. ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல. பத்து மாதம். சுமந்த காலம் எவ்வளவோ, பேசாத காலமும் அவ்வளவு.

அப்படி இருக்கையில் இந்த ஆண்டு பங்குனியில் வில் நகரிலே மகளிர் நாள் விழா. தலைப்பு என்ன தெரியுமா? தாய்மை! பத்தொன்பதாவது தடவை. பேசினேன். பொழிந்தேன். கைதட்டு விழுந்தது. மேடையை விட்டு இறங்கி வரும்போது ஒரு இளம்பெண் வழியில் நின்றாள். பெயர் யாதவி, மருத்துவமனைத் தாதி. என் மகளின் வயதுதான் இருக்கும்.

“அன்ரி, நீங்கள் சரணியான்ர அம்மாவோ?”

அடி விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, “ஓம்” என்றேன்.

“அந்தப் பாட்டை நான் என்ர அம்மாக்குப் போட்டுக் காட்டினனான். அவ அரைவாசியிலை எழும்பிக் குசினிக்குப் போய்ச் சட்டி கழுவத் தொடங்கிட்டா. பிறகு என்னோடை சரியாக் கதைக்கிறேல்லை. நீங்கள் முழுக்கக் கேட்டனீங்கள்தானே? கேட்டிட்டுச் சரணியாக்கு என்ன சொன்னனீங்கள்? சொல்லுங்கோ அன்ரி. நான் அம்மாட்டைப் போய்ச் சொல்லோணும்.”

அவையோரே! ஆயிரம் பேருக்கு முன்னால் தடுமாறாத நாக்கு, அந்த ஒரு பிள்ளைக்கு முன்னால் தடுமாறியது. நான் சொன்னேன்:

“நல்லாயிருக்கு எண்டு சொன்னனான், பிள்ளை.”

பொய்! பச்சைப் பொய்! அவளுடைய முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். “தாங்ஸ் அன்ரி” என்று சொல்லி என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அந்தக் கை எரிந்தது.

இரயிலில் ஏறினேன். காதிலே மாட்டும் கருவி என்னிடம் இல்லை. இருக்கையில் இருந்து சத்தமாகக் கேட்க இந்த நாட்டில் முடியுமா? கதவடியில் போய் நின்றுகொண்டு, தொலைபேசியைக் காதோடு ஒட்டிப்பிடித்து, ‘கழுத்தில் சாவி’யை முதலாவது பாட்டிலிருந்து போட்டேன். பார்த்தவர்கள் யாரோ என்னோடு நெடுநேரம் கதைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். கதைத்தது என் மகள்தான். நாற்பத்தொரு நிமிடம். அவள் கதைக்க, நான் இடையில் குறுக்கிடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்காவது பாட்டுத்தான் அந்த அரை நிமிடப் பாட்டு. அதில் மிச்சம் என்ன இருக்கிறது தெரியுமா? ஒன்பது வயதுப் பிள்ளை மத்தியானம் கதவைத் திறந்து வருகிறாள். வீட்டிலே சத்தம் இல்லை. சோறு மூடியிருக்கிறது. அந்த அமைதிக்குள் இருந்து அவளால் சாப்பிட முடியவில்லை. வீடு கூட்டும் வக்யூமை இழுத்து வந்து, சுவிட்சைப் போட்டு, அது இரைய இரைய, அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து சாப்பிடுகிறாள். யாரோ வீட்டில் வேலை செய்வதுபோல் இருக்குமாம். பாட்டுக்குப் பின்னால் மெஷின் ஓடுகிறது என்றார்களே, பதிவு பிழை என்றார்களே, அது வக்யூம், ஐயா! என் வீட்டு வக்யூம்!

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. இங்கே மத்தியானம் அமைதி காக்கவேண்டிய நேரம். கட்டடத்துக்குப் பொறுப்பான ஹவுஸ்வார்ட் எங்களுக்குக் கடிதம் போட்டார், உங்கள் வீட்டில் ஓய்வு நேரத்தில் வக்யூம் ஓடுகிறது என்று. வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. பிள்ளையைப் பிடித்து உலுக்கினேன். “ஏன் மத்தியானத்திலை கூட்டினனி?” என்று கேட்டேன். “ஊத்தையாக் கிடந்தது அம்மா” என்றாள். இரண்டு அடி போட்டேன். அந்த அடி பாட்டில் இல்லை. அவள் அதை எழுதவில்லை. “ஊத்தை எண்டு சொன்னேன், அம்மா நம்பினா” என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

கடைசி வரியிலாவது ஆறுதலாக ஒரு சொல் வரும், அம்மா பாவம் என்று ஒரு சொல் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. இரயில் ஓடியது.

லுற்சேர்னில் இறங்கி நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அந்த நிலவறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி இருக்கும் என்று தெரியும். அந்தக் கதவின் கனம் உங்களுக்குத் தெரியும், குண்டுக்குத் தாங்கும் கதவு. இழுத்துத் திறந்தேன். பாட்டு நின்றது. மேர்சி என்னைப் பார்த்தாள், சாயிசனைப் பார்த்தாள். “கோப்பி குடிச்சிட்டு வாறம்” என்று இருவரும் வெளியே போய்விட்டார்கள். அந்தப் பண்புக்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறேன்.

“என்னம்மா?” என்றாள் சரணியா.

“கேட்டனான்.”

“எதை?”

“முழுக்க.”

ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள்.

“நீ ஊத்தை எண்டு சொன்னனி. நான் நம்பிட்டன்” என்றேன்.

“நம்பினீங்களோ?”

என் சபையோரே, அந்தக் கேள்விக்குத்தான் நான் உண்மை சொன்னேன். “இல்லைப் பிள்ளை. ஒன்பது வயதுப் பிள்ளை ஊத்தைக்குக் கூட்டாது எண்டு எனக்குத் தெரியும். நம்பினால் எனக்குச் சுகமாயிருந்தது. அதாலை நம்பினனான்.”

அவள் அழவில்லை. ஓடி வந்து கட்டிப்பிடிக்கவும் இல்லை. “உங்களை ஏசோணும் எண்டு நான் எழுதேல்லை” என்றாள். “அந்த வீடு மத்தியானத்திலை எப்பிடி இருந்தது எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். வேறை ஒராளுக்காவது தெரியோணும்போலை இருந்தது.”

பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். இருபத்தேழு வயதில், முதல் தடவையாக.

“அந்த நேரம் நீங்கள் எங்கையம்மா சாப்பிட்டனீங்கள்?”

நான் அப்போது ஒரு பெரிய சலவைச் சாலையில் வேலை. விரிப்புகள் மடிப்பது. “துணி காய வைக்கிற மெஷினுக்குப் பின்னாலை. அங்கை சூடாயிருக்கும்.”

“ஆரோடை?”

“ஒருத்தரோடையும் இல்லை.”

பதினொரு ஆண்டு. பாஷை தெரியாது. காலையில் வணக்கத்துக்கு ஒரு குட்டன் மோர்கன், மாலையில் விடைபெற ஒரு சூஸ். இரண்டு சொல்லுக்கு இடையில் எட்டரை மணித்தியாலம். என் கணவர் உணவகக் குசினியில், அவருக்கும் அதே கதை. ஐந்து நாள் வாய் திறவாத ஒருத்திக்கு, சனிக்கிழமை ஒரு மேடை கிடைத்தால் எப்படி இருக்கும்? நான் தமிழுக்காகப் பேசினேன், இனத்துக்காகப் பேசினேன் என்று நீங்கள் சால்வை போர்த்தினீர்கள். உண்மை என்ன? என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பேசினேன். வீட்டிலும் ஒரு காது எனக்காக இருந்தது. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஒரே மத்தியானம். ஒரே பன்னிரண்டேகால். அவள் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில், நான் ஒரு மெஷினுக்குப் பின்னால். இடையில் நான்கு பஸ் தரிப்பு.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். சரியாகிவிட்டது என்று சொன்னால் அது மேடைப்பொய். புதன்கிழமைகளில் மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறாள். சில புதன் வருவதில்லை. வந்தாலும் சில நாள் இருவருக்கும் சொல் கிடைப்பதில்லை, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். யாதவிக்குத் தொலைபேசி எடுத்து, “அண்டைக்கு நான் சொன்னது பொய், பிள்ளை” என்று சொன்னேன். அவள், “அப்ப என்ர அம்மா மட்டும் இல்லை” என்றாள். இன்று வந்திருக்கிறாள். அதோ, மூன்றாவது வரிசை. பக்கத்து நாற்காலியில் தன் மேலங்கியைப் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மா இன்னும் வரவில்லை. வரலாம். வராமலும் விடலாம்.

தாய்மாரே, தந்தைமாரே! நாங்கள் உழைத்தது குற்றமா? இல்லை! உழைக்காவிட்டால் கூரை ஏது, கோப்பையிலே சோறு ஏது? அதை எந்தப் பிள்ளையும் மறுக்கவில்லை. ஆனால் தனியாக இருந்தேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது எங்களுக்கு வசையா? காய்ச்சல் என்று சொன்ன பிள்ளையை நன்றி கெட்டது என்று ஏசுவோமா? இந்தப் பிள்ளைகள் எங்களிடம் கணக்குக் கேட்கவில்லை. கண்ணீர் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. கேட்கச் சொல்லிக் கேட்கிறார்கள்! அரை நிமிடம் அல்ல, முழுவதும் கேட்கச் சொல்லிக் கேட்கிறார்கள்! கேட்டுவிட்டுக் கோபம் வந்தால் கோபப்படுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். குசினிக்கு மட்டும் எழும்பிப் போய்விடாதீர்கள்.

கைதட்டாதேங்கோ. இன்று எனக்கு வேண்டாம்.

வெட்டிய பெயரை மீண்டும் எழுத இடம் தந்த சச்சிதானந்தன் அண்ணைக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலியமைத்த தம்பிமாருக்கும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும், கோபத்தோடு வந்து இன்னும் எழும்பாமல் இருப்பவர்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. தந்த நேரத்தில் இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. அதை நான் பேசப்போவதில்லை. முன்வரிசையில் என் கணவருக்குப் பக்கத்தில் போய் இருக்கப்போகிறேன்.

சரணியா என்னைவிட உயரம். ஒலிவாங்கியை அவளுடைய அளவுக்கு உயர்த்தி வைத்துவிட்டு இறங்குகிறேன்.

வணக்கம். வா, பிள்ளை.