தமிழில் சொன்ன கோளாறு

பெயர் நாகேஷ், வயது 59, தகப்பனார் முனியப்பன், இருப்பிடம் ஜீவனஹள்ளி மூன்றாவது கிராஸ், பெங்களூரு. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலை. தலைமைக் காவலர் கேட்க, நான் சொல்லி எழுதப்படுவது:

நான் விமானப்படையில் பதின்மூன்று வருடம் மெக்கானிக்காக இருந்தேன். 1999-ல் எல்லைப்புறத் தளம் ஒன்றில் எங்கள் ஸ்குவாட்ரனுக்குத் தலைவர் விங் கமாண்டர் குணசேகர். அவரும் என்னைப்போலக் கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளி மகன். மற்றவர்களிடம் இங்கிலீஷ், இந்தி. என்னிடம் மட்டும் எங்கள் ஊர்த் தமிழ். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மார்ச் 9 மாலை அவர் ஒரு போர் விமானத்தை ஓட்டிவிட்டு இறங்கினார். குறை இருந்தால் விமானி பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் சரியாகும்வரை அந்த விமானம் பறக்கக் கூடாது. மறுநாள் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் 'குறை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம், "திருப்பும்போது ஸ்டிக்கு இறுக்கமா கீது நாகேஷு. எழுதுனா நாளைக்கு ஒரு பிளேன் கொறஞ்சிடும். நீயே பாத்து வுட்டுடு" என்றார். ஸ்டிக் என்பது விமானத்தைத் திருப்பும் கைப்பிடி. பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. அதன் பிறகு அந்த ஸ்டிக்கோடு சேர்ந்த பாகங்களின் மூடியைக் கழற்றி இருட்டும்வரை பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. நானும் எதையும் எழுதவில்லை. அது என் தப்பு.

மறுநாள் காலை அதே விமானத்தில் போன இருபத்துநான்கு வயது விமானி திரும்பி வரவில்லை. விசாரணையில் நடந்ததைச் சொன்னேன். குணசேகர், தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார். நான் மூடியைக் கழற்றியதை மட்டும் அந்த இரண்டு பேரும் பார்த்திருந்தார்கள். பதிவு இல்லாமல் விமானத்தில் கை வைத்தேன் என்று என்னைப் பென்ஷன் இல்லாமல் வெளியே அனுப்பினார்கள்.

அதன் பிறகு அவர் குரூப் கேப்டன் ஆனார், ஏர் கமடோர் ஆனார், ஒரு தளத்துக்கே தலைவரானார், பதக்கம் வாங்கினார், ஏர் மார்ஷலாக ஓய்வு பெற்றார். எல்லாவற்றையும் பேப்பரில் படித்துக்கொண்டு நான் கேட்டைத் திறந்து மூடினேன்.

கடந்த ஞாயிறு ஸ்ரீராம்புரம் மண்டபத்தில் தங்கவயல்காரர்கள் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தமிழ் மறந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டு அவர் இங்கிலீஷில் பேசினார். தன் தவறால் ஒரு உயிரும் போனதில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அதன் பிறகு மேடையேறி மைக்கைப் பிடுங்கப் பார்த்தேன், அவர் விடவில்லை, தள்ளினேன், விழுந்ததில் அவர் மணிக்கட்டு முறிந்தது. அவருக்கு அறுபத்தேழு வயது என்பது அப்போது ஞாபகம் வரவில்லை, வந்திருந்தாலும் தள்ளியிருப்பேன்.

இன்று காலை அவர் வக்கீல் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். என் மனைவி வீணா, "எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துடுய்யா" என்று அழுதாள். நான் எழுதித் தர மாட்டேன். தயவுசெய்து இந்த வழக்கைக் கைவிட வேண்டாம். கோர்ட்டுக்குப் போனால் அவர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய வேண்டும், என் வக்கீல் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக நான் காத்திருப்பது அதற்குத்தான். அதற்கு எத்தனை மாதம் உள்ளே போட்டாலும் போகிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.

(ஒப்பம்) மு. நாகேஷ்