பிப்ரவரி முப்பதாம் தேதியின் இரத்த அழுத்தம்

தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, அடுப்பைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுத் துணிந்து வந்திருக்கும் தாய்மார்களே, கிள்ளான் மாதர் குழுவின் மாணிக்கங்களே, அளக்கும் கருவியோடு காத்திருக்கும் தாதி மிஷெல் அவர்களே, உங்கள் உர்சுலாவின் வணக்கம்!

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களை எனக்குத் தெரியும். மேல் எண், இதயம் இறுகி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், இதயம் தளரும்போது உள்ள அழுத்தம். நூற்றிருபதுக்கும் எண்பதுக்கும் கீழே இருந்தால் நலம். கிளினிக்கில் மறுபடி மறுபடி மேல் எண் நூற்று நாற்பதையோ கீழ் எண் தொண்ணூறையோ தொட்டால், ஒன்று ஏறினாலும் ஏறியதுதான்!

யாரது, "எனக்குத் தலை சுத்தலையே ஆன்டி" என்பது? சுற்றாது தம்பி! சொல்லாமல் வரும், சத்தமில்லாமல் வரும், சாய்த்த பிறகுதான் தெரியும்!

ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் கிரிகரியை வீட்டில் தினமும் அளந்து எழுதச் சொன்னார் டாக்டர். எழுதினாரா? எழுதினார், அளக்காமல்! அவர் தங்கை எவலின் என் சமையலறையில் நின்று சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "டாக்டர் ஏசுவாரு லா அண்ணே. நல்ல நம்பரா போட்டுக் கொண்டு போங்க." ஒரே மூச்சில் மாதம் முழுவதும் நூற்றிருபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு! பிப்ரவரி முப்பதாம் தேதிக்கும் சேர்த்து!

சிரிக்கிறீர்கள். அந்தத் தேதியை நான் கண்டது, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. கிளினிக்கில் ஏறியிருந்ததைப் பதற்றம் என்று நினைத்து, இவர் எழுதிய புத்தகத்தை நம்பி, மாத்திரையைக் கூட்டாமல் விட்டார் டாக்டர். அதற்கு மூன்றாம் வாரம் பாசாரில் மீன் வாங்கிய பையோடு பக்கவாதம் வந்து விழுந்தார் இவர். உயிர் தங்கியது. வலக்கை இன்றும் சட்டைப் பொத்தானைப் போடாது.

எவலினை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று தோசை சுட்டபடி கேட்டுக்கொண்டிருந்த நான் தடுத்தேனா? இல்லையே!

ஆகவே அன்பர்களே, உண்மையை எழுதுங்கள்! ஏறியதை எழுதினால்தான் இறக்க வழி பிறக்கும். உப்பைக் குறையுங்கள், நடங்கள், நன்றாயிருக்கிறதே என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்!

இந்த அழுத்தம் என் மாமனாரைச் சாய்த்தது, அவர் மகனைச் சாய்த்தது, மகள் எவலினை மட்டும் விடுமா? மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். இதுவரை ஒருமுறையும் அளந்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் செய்யல லா, அண்ணி!"

கேட்டீர்களா? ஆறு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை! "ஏறி வா, எவலின். அளக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசாம சாஞ்சு உட்காரணுமாம். ஆறு வருஷம் பேசாம இருந்தவங்களுக்கு அஞ்சு நிமிஷம் பெரிசா?"

வருகிறாள்! கைதட்டாதீர்கள், அவளுக்கு ஏறிவிடும். உங்களுக்கு என் நன்றியையும் வணக்கத்தையும் மெதுவாகவே சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.