விரதமிருக்கும் நாய்

பென்னாகரம் மாட்டாஸ்பத்திரி வரிசையில் ஆட்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஐயப்பனுக்கு மாலை போட்ட ஒருவர், அவர் மனைவி, முதுகெல்லாம் தவிடு தூவியதுபோல் தோல் உரியும் அவர்கள் நாய்.

“சாமி, மால போட்டது நீங்களா, இந்த நாயா?” என்றார் அந்த அம்மா.

“விரத வூடு. நான் ரெண்டு வேள குளிக்கறேன். இது மட்டும் குளிக்காம உள்ள வரலாமா?”

“அதுக்காக மார்கழிக் குளிருல இதுக்கும் ரெண்டு வேள பச்சத்தண்ணி, சோப்பு. இனி சரணம் சொல்றது மட்டுந்தான் பாக்கி.”

மாலை போட்டவர் நாயைப் பக்தியோடு பார்த்தார். நாய் சொறிந்துகொண்டது.

டாக்டர் அதன் ரோமத்தை விலக்கிப் பார்த்தார். “சோப்புப் போட்டே தோலு காஞ்சு போச்சுங்க. மாசத்துக்கு ஒருக்கா குளிப்பாட்டினாப் போதும். இப்பத்திக்குத் தேங்காண்ணெய கொஞ்சமா தடவுங்க.”

மாலை போட்டவர் தயங்கினார். “விரதத்துல எண்ணெ தேய்க்கக் கூடாதுங்களே.”

அந்த அம்மா நாயின் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

“அப்ப இதயும் மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க, சாமி. ரெண்டு பேரும் மாலயக் கழட்டினதும் நானே எண்ணெ தேச்சு விடறேன்.”