சாயாத விளக்கு

எங்கள் வீட்டுச் சாமி மேடையில் விளக்கு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அடியில் முட்டுக்கொடுக்கச் சின்னதாக ஏதாவது வேண்டியிருந்தது. மற்றபடி எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது.

என் கணவர் அழகு, பாசிர் கூடாங் ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அந்த வருடங்களில் அவர் முகத்தை நான் அதிகம் பார்த்தது அவர் தூங்கும்போதுதான். ஓய்வுபெற்றதும் ஒரு பழைய டட்சன் காரை வாங்கிவந்து போர்ச்சில் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு, "வேதா, இந்த லைட்டக் கொஞ்சம் புடி" என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் டார்ச்சைப் பிடிப்பேன். அவர் போல்ட்டை முடுக்கிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் சொல்வார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு பேசியதே இல்லை. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

எஞ்சினைப் புதுசாக்கி உள்ளே இறக்கியாயிற்று. தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஃபேன் பெல்ட் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுவதுதான் பாக்கி. உதவிக்கு அவருடைய பழைய கூட்டாளி குணாளன் வருவார். கார் ஓடியதும் ஞாயிறுதோறும் பழைய கார்க்காரர்களோடு மலாக்கா, மூவார் என்று கிளம்பிவிட வேண்டும் என்று ஒருநாள் இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் இடத்தில் போடுகிற இரும்பு வளையம் ஒன்று அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. விளக்குக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

வளையம் இல்லாததால் பெல்ட் நேராக ஓடவில்லை. ஸ்டார்ட் செய்தாலே பன்றிக்குட்டி மாதிரி கத்தியது, நார்நாராகக் கிழிந்தது. அவர் பெல்ட்டை மாற்றினார், பம்பை மாற்றினார், தினமும் காலையில் குளித்துவிட்டு அந்த விளக்குக்கு முன்னால் கண்மூடி நின்று வேண்டிக்கொண்டார். அவருக்குப் பக்தி வந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

கடைசியில், கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் எடுத்த படத்தில் அந்த வளையத்தைப் பார்த்துவிட்டார். சாமான்களைப் பையில் போட்டு வைத்தது குணாளன்.

"அலமாக், நான் தொலைக்கலடா. வேணும்னா அண்ணியக் கேளு."

"நீங்கதானே பையில போட்டு வச்சீங்க?" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. குணாளன் நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார். அப்புறம் வரவே இல்லை. தீபாவளிக்கு அவருக்கு முறுக்கு அனுப்பினேன்.

அழகு கடைசல் பட்டறையில் புது வளையம் செய்துவந்து மாட்டினார். கார் சத்தமில்லாமல் ஓடியது.

"மத்தவங்களோட போறதெல்லாம் அப்புறம். மொதப் பயணம் நீயும் நானும்தான். குளுவாங்ல ஒங்கம்மா வீட்டுக்குப் போலாம். முன் சீட்டே ஒனக்காகத்தான் புதுசா தைக்கக் குடுத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையான அழுகைதான்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். ஓட்டும்போது அவர் சாலையைத்தான் பார்ப்பார். என் கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே விரலளவுக்கு ஒரு ரோட்டர் இருக்கும்; அது இல்லாமல் கார் கிளம்பாது. இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இப்போது அது கற்பூர டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

நாளை காலை குளுவாங் பயணம். புதுச்சேலையை இஸ்திரி போட்டுவிட்டேன். டார்ச்சுக்கும் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன்.