கண்ணுக்குத் தெரியாத அன்டெனா

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஒஸ்வல்ட் ஐயா அவர்களே, எல்கடுவ மலையேறி வந்திருக்கும் பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த இராயப்பனின் வணக்கம்.

பாராட்டுக் கூட்டம் என்றுதான் அழைத்தோம். பாராட்டப்பட வேண்டியவன் எங்கே? நம் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கடல் கடந்து படித்து, ஒளியை ஆராய்ந்து, விடுமுறைக்கு ஊர் வந்த லெட்சுமணன் எங்கே? தடுப்புக்காவலில் கிடக்கிறான். ஏன்? ஒரு வார்த்தை, ஐயா. ஒரே ஒரு வார்த்தை.

பலாபத்வலையில் இராணுவத்தார் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, "அன்டெனா செய்றேன், சேர்" என்றான். யுத்த காலத்தில், தமிழ்ப் பையன், அன்டெனா! "எங்கே, காட்டு" என்றார்கள். "கண்ணுக்குத் தெரியாதுங்க, சேர்." பக்கத்து சீட்டில் இருந்த யட்டவத்தையில் கடை வைத்திருக்கும் நம் புஹாரி நானா அப்போதே தலையில் கைவைத்துவிட்டாராம்.

அவன் செய்ததுதான் என்ன? எந்தக் கண்ணாடி வில்லையாலும் லேசர் ஒளியை ஓர் அளவுக்கு மேல் சிறிதாகக் குவிக்க முடியாது. இவனோ, தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமே உள்ள இரண்டு தங்கத் துண்டுகளை நுனிக்கு நுனி நெருக்கி வைத்தான். நம் லயத்துக் கூரைக் கம்பி ரேடியோ அலையைப் பிடிப்பதுபோல அவை ஒளியைப் பிடிக்கும். பிடித்து, நடுவிலுள்ள இடுக்கில் திரட்டும். ஒரேயொரு மூலக்கூறைக்கூட அந்த வெளிச்சத்தில் அறியலாமாம்.

என்னம்மா? அதைச் சொன்னா விட்டுற மாட்டாங்களான்னு கேக்குறீங்களா? சொன்னேன், தாயே. போய்ச் சொன்னேன். "காணாத கம்பிக்கு நீ சாட்சியா?" என்று சிரித்தார்கள். ஒளியையே அடக்கிய அறிவு ஒரு சோதனைச் சாவடியில் தோற்றுப்போனதே, ஐயா. எனக்கு நம்பிக்கை வற்றிவிட்டது, மறைக்க மாட்டேன்.

ஆய்வுகூடம் அனுப்பிய சான்றை ஏற்க மறுத்துவிட்டார்கள். ஊரார் இருவர் வந்து பொறுப்பேற்றால் பேசிப் பார்க்கலாம் என்கிறார் வக்கீல். ஒருவன் நான். இன்னொருவர் வேண்டும். நாளைக் காலை என்னோடு வர யார் இருக்கிறீர்கள்? கேட்டு நிற்கிறேன், கெஞ்சி நிற்கிறேன், கையேந்தி நிற்கிறேன்; ஒரு கை உயராதா?

புஹாரி நானா, நீங்களுமா? குற்றம் சொல்லவில்லை. அதே பாதையில்தான் உங்கள் மகனும் தினம் போய்வர வேண்டும்.

அதோ, பின்வரிசையில் ஒரு கை. யாரது?

கிருஷ்ணம்மா அக்கா, கைய இறக்குங்க. பெத்தவ சொன்னா எடுபடாதுன்னு நேத்தே சொல்லிட்டாங்க.

வந்திருந்து கேட்ட அனைவருக்கும் நன்றி. இருட்டுமுன் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.