ட்ரவுட் ஓடையில் நீட்டிய விரல்

பனிப்புயலில் கரண்ட் போய், எல்லோரும் ஒரே ஹாலில் ஒண்டிக்கொண்டிருந்த இரவில் பர்வதம் ஆன்ட்டி சொன்னது இது. நடந்தது அவருடைய கொழுந்தனார் சேனாபதிக்கு. பயப்படுகிறவர்கள் இப்போதே காதைப் பொத்திக்கொள்ளலாம்.

1997, ஏப்ரல் தொடக்கம். விடிகாலை ஐந்தே கால். அவர் குடியிருந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம்... விளக்கே இல்லாத காட்டுச் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. சேனாபதி தனியாகப் போய்க்கொண்டிருந்தார். செத்துப்போன ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க.

செத்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர் ஹாலிஸ். இங்கிலாந்துக்காரர். தான் பிறந்த கிராமத்து ட்ரவுட் மீன் ஓடையின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். எந்த வருஷம் வெள்ளம் வந்தது, எவன் திருட்டு மீன் பிடித்து அகப்பட்டான்... எல்லாம் அதில் உண்டு. அந்த ஊரில் தூண்டிலே கிடையாது. கரைக்கடியில் கையை விட்டு, மீனின் வயிற்றை மெல்லத் தடவி மயக்கித் தூக்கிவிடுவார்களாம். கேட்டதும் சேனாபதி துள்ளிக் குதித்தார். பவானி ஆற்றில் அவர் பிடித்ததும் அப்படித்தானே!

முந்தின வருஷம் மார்ச்சில் இருவரும் இந்தக் காட்டுச் சாலையோரம் இருக்கும் ஒரு ட்ரவுட் ஓடையைப் பார்க்க வந்தார்கள். மீன்பிடி சீசன் திறக்கும்வரை மீனைத் தொடக்கூடாது என்று ஹாலிஸ் எச்சரித்தார். தண்ணீருக்கு என்ன பூட்டா சாவியா என்று சேனாபதிக்குச் சிரிப்பு. கையை விட்டார். இரண்டு ட்ரவுட் புல்லில் துடித்தன. அந்த நேரம் பார்த்து, திருட்டு மீன்பிடியைக் கண்காணிக்கும் வார்டன் வந்து நின்றார். யார் பிடித்தது என்று கேட்டார்.

அடுத்த வாரம் சேனாபதிக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ; கேஸ் என்று பதிவானால் கார்டு கிடைக்காதே என்ற பயம். அவர் விரல் ஹாலிஸைக் காட்டியது.

"பொய்யா சொன்னாரு, ஆன்ட்டி?" என்றாள் ஹாலில் கதை கேட்டுக்கொண்டிருந்த ரோஷினி.

"வாயே தொறக்கலடி. விரலை நீட்டினாரு, அவ்ளோதான்."

கிழவர் அவரை ஒரு முறை பார்த்தார். ஆமாம், நான்தான் என்று ஒப்புக்கொண்டார். அபராதம் கட்டினார், லைசென்ஸும் போயிற்று. அதன் பிறகு அந்தச் சரித்திரத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். சேனாபதி அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? கிரீன் கார்டு வந்த அன்று அவர் மனைவி ஷ்யாமளா கேசரி கிளறினாள். அவர் தட்டை அப்படியே தள்ளி வைத்தார்.

ஓடை வந்தது. மக்கிய இலை வாசனை... தண்ணீரின் சளசளப்பு. மண்டியிட்டு, அதே இடத்தில் கையை விட்டார். பனி உருகிய தண்ணீர், எலும்பு வரை வலித்தது. இங்கிலீஷில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, தமிழில்தான் வந்தது.

"சார்... அன்னிக்குப் பிடிச்சது நாந்தான். பயந்துட்டேன் சார்... மனுஷனே இல்ல நான்."

சளசளப்பு நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது... சத்தம் மட்டும் இல்லை.

கரைக்கடியிலிருந்து ஏதோ வழுக்கி வந்து அவர் உள்ளங்கையில் படுத்தது. உயிருள்ள மீன். அவர் பிடிக்கவில்லை... யாரோ வைத்தார்கள். பிறகு ஒரு கை அவர் விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கி, மீனின்மேல் மூடியது. இந்தா, வைத்துக்கொள் என்பதுபோல.

சேனாபதி ஓடவில்லை. வெட்கத்தில் தலையை நிமிர்த்தவே முடியவில்லை. அத்தனை குளிர்ந்த தண்ணீரிலும்... அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்ததாம்.